தறியிலிருந்து முழங்காலுக்கு

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களிடம் உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ‘டைட்டானியம்’ என்பார் ஒருவர். ‘தங்கக் கலர் மூட்டு’ என்பார் இன்னொருவர். ‘அமெரிக்கா ஐட்டம்’ என்று பெருமையாகச் சொல்கிறவர்களும் உண்டு. எல்லாம் உலோகத்தைப் பற்றிய பேச்சு. மருத்துவமனை விளம்பரப் பலகைகளில் மின்னுவதும் உலோகம்தான். அந்த இரண்டு உலோகங்களுக்கும் நடுவில், சுமார் ஒரு சென்டிமீட்டர் கனத்தில், மங்கிய வெள்ளை நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் வட்டு இருப்பதை யாரும் சொல்வதில்லை. எக்ஸ்ரேயிலும் அது தெரியாது. உலோகங்களுக்கு இடையே வெறும் இடைவெளியாகத்தான் விழும்.

மேலிருக்கும் உலோகம் உடல் எடையோடு அழுத்தி உருண்டும் வழுக்கியும் போக, தேய வேண்டிய பொறுப்பு முழுக்க அந்த வட்டின் தலையில். தொற்று, பொருத்தும்போது நேரும் பிசகு என மூட்டு கெடுவதற்கு வேறு வழிகளும் இருக்கின்றன. ஆனால் முழங்கால் வடிவமைப்பாளர்களை நீண்ட காலம் தூங்கவிடாமல் செய்தது இந்தப் பிளாஸ்டிக்தான் என்பது என் கணிப்பு. உலோகத்தின் கதையைவிட இதன் கதையில் திருப்பங்களும் அதிகம்.

அது பிறந்த குடும்பம் நமக்குத் தெரிந்ததுதான்: பாலித்தீன். 1933 மார்ச்சில் இங்கிலாந்தின் செஷயர் பகுதியில், வின்னிங்டனில் இருந்த ஐ.சி.ஐ. ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசெட், ரெஜினால்ட் கிப்சன் என்ற இருவர் எத்திலீன் வாயுவை மிக உயர்ந்த அழுத்தத்தில் வேறொரு வேதிப்பொருளோடு சேர்த்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்தது நடக்கவில்லை. கலனின் உள்சுவரில் மெழுகுத்தன்மையுள்ள ஒரு வெள்ளைப் பொருள் படிந்திருந்தது. அதுதான் பாலித்தீன். இரண்டாம் உலகப் போரில் ரேடார் கம்பிகளுக்கு உறையாகப் போனது. போர் முடிந்ததும் வாளி, பை, குழாய் என்று வீட்டுக்குள் வந்தது.

மூட்டுக்குப் போனது இதன் இளைய தம்பி. 1953இல் ஜெர்மனியின் முல்ஹைம் நகரில் கார்ல் சீக்லர், அழுத்தமே தேவைப்படாமல் எத்திலீன் மூலக்கூறுகளை நீண்ட நேர்ச்சங்கிலியாகக் கோக்கும் வினையூக்கியைக் கண்டுபிடித்தார். பத்து ஆண்டுகள் கழித்து அதற்கு நோபல் பரிசும் வந்தது. பக்கத்து ஊரான ஓபர்ஹௌசனில் ரூர்கெமி என்ற நிறுவனம் இந்த முறையில் ஒரு வெள்ளைத் தூளைத் தயாரிக்கத் தொடங்கியது. சாதாரணப் பாலித்தீனின் மூலக்கூறு எடை ஆயிரங்களிலும் சில லட்சங்களிலும் நிற்க, இதன் எடை பல பத்து லட்சங்கள். சங்கிலிகள் அவ்வளவு நீளம் என்பதால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, சூடாக்கினாலும் உருகி ஓடாது. வாளி வார்ப்பதுபோல் அச்சுக்குள் பீய்ச்ச முடியாது. தூளைச் சூட்டோடு நெருக்கி அழுத்திப் பலகையாகவோ தண்டாகவோ ஆக்கி, பிறகு கடைந்துதான் வேண்டிய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தொழிற்சாலைகளுக்கு இது தொல்லை. ஆனால் உருகி ஓடாத அதே பிடிவாதம் தேய்மானத்திலும் இருந்தது. நெசவுத் தறிகளில் ஓயாமல் அடிவாங்கும் பல்சக்கரங்களை இதில் செய்தார்கள்.

தறி என்றதும் லங்காஷயர் வந்துவிடும். கோயம்புத்தூர் மில்காரர்களுக்கும் பரிச்சயமான பெயர். அந்த மாவட்டத்தில் விகன் நகருக்கு அருகே ரைட்டிங்டன் என்ற மருத்துவமனை, முன்பு காசநோய் விடுதியாக இருந்தது. அங்கே ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர் இடுப்பு மூட்டு செய்துகொண்டிருந்தார். உராய்வு குறைவாக இருக்க வேண்டும் என்பது அவர் பிடித்த பிடி. உலகத்திலேயே அதிகம் வழுக்கும் திடப்பொருள் எது என்று தேடினார்; கிடைத்தது டெஃப்லான். 1958 முதல் சுமார் 300 நோயாளிகளுக்கு டெஃப்லான் கிண்ணம் வைத்த இடுப்பு மூட்டுகளைப் பொருத்தினார். நடக்க முடியாதவர்கள் வலியில்லாமல் நடந்தார்கள். ஓரிரு ஆண்டுகளுக்குப் பிறகு வலியோடு திரும்பி வரத் தொடங்கினார்கள். உராய்வு குறைவு என்பதால் தேய்மானமும் குறைவாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தந்திருக்கவில்லை. டெஃப்லான் பொடிப்பொடியாக உதிர்ந்து, சுற்றியுள்ள சதையில் சீழ்க்கட்டியைப் போன்ற திரளாக நின்றது. அந்தப் பொடி உண்மையிலேயே உடம்புக்கு ஆகாததுதானா என்று பார்க்க சார்ன்லி தன் தொடையிலேயே அதைச் செலுத்திக்கொண்டார். ஆகவில்லை. ஒவ்வொரு நோயாளியாகத் திரும்ப அழைத்து, தானே மீண்டும் அறுவை செய்தார். முழங்கால் கதையில் இந்த இடுப்புக் கதையை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு தோல்வியும் இதே சாயலில்தான் இருக்கப்போகிறது: எதைச் சோதிக்கவில்லையோ அது நோயாளியின் உடம்பிலிருந்து வந்து கதவைத் தட்டும்.

சார்ன்லியிடம் ஹாரி கிரேவன் என்ற தொழில்நுட்ப உதவியாளர் இருந்தார். மருத்துவமனை வளாகத்துப் பட்டறையில் தேய்மானத்தை அளக்கும் இயந்திரம் ஒன்றைக் கட்டியவர் அவர்தான். 1962 மே மாதம், தறிச் சக்கரங்கள் விற்க வந்த விற்பனையாளர் ஒருவர் அந்த ஜெர்மன் பிளாஸ்டிக்கின் மாதிரியைப் பட்டறையில் கொடுத்துவிட்டுப் போனார். சார்ன்லி கட்டைவிரல் நகத்தால் கீறிப் பார்த்தார். இது உதவாது என்று சொல்லிவிட்டு கோபன்ஹேகனில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். கிரேவனுக்கு மனம் கேட்கவில்லை. துண்டை இயந்திரத்தில் மாட்டி ஓடவிட்டார். இரவும் பகலுமாக மூன்று வாரம் ஓடிய பிறகும், டெஃப்லான் ஒரே நாளில் தேய்ந்திருக்கும் அளவுக்குக்கூட அது தேயவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே முதல் கிண்ணம் ஒரு நோயாளியின் இடுப்புக்குள் போனது. சார்ன்லிக்கு ராணி சர் பட்டம் கொடுத்தார். கிரேவன் பெயர் மூட்டு வரலாறு படிக்கிறவர்களுக்கு மட்டும் தெரியும்.

இடுப்பில் ஜெயித்த பிளாஸ்டிக்கை முழங்காலுக்குக் கொண்டுபோவது சுலபமாக இருந்திருக்க வேண்டும் என்று தோன்றும். இடுப்பு ஒரு பந்தும் கிண்ணமும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மையம் ஒன்றே. முழங்கால் அப்படி இல்லை. காலை மடக்கும்போது தொடை எலும்பின் முனை கீழ்க்கால் எலும்பின் மேல், அம்மியில் குழவி போவதைப் போல, உருண்டுகொண்டே வழுக்கவும் செய்கிறது. மடங்க மடங்கச் சுழற்சி மையம் இடம் மாறிக்கொண்டே போகும். நீட்டி நிற்கும் கடைசிக் கட்டத்தில் கீழ்க்கால் சற்றே வெளிப்புறமாகத் திருகி மூட்டைப் பூட்டும். எலும்புகளின் வடிவம் இதில் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை உள்ளே குறுக்காக ஓடும் இரண்டு சிலுவை நார்களும் இரு பக்கத்துத் தசைநார்களும் பார்த்துக்கொள்கின்றன.

இது புரியாத காலத்தில் எல்லோரும் கதவுக் கீலைத்தான் செய்தார்கள். 1890இல் பெர்லினில் தெமிஸ்டோகிளிஸ் குளுக் என்ற மருத்துவர், காசநோய் அரித்த முழங்காலில் யானைத் தந்தத்தால் செய்த கீலைப் பொருத்தினார். எலும்போடு ஒட்ட பைன் பிசினும் பிளாஸ்டரும் கலந்த ஒரு பூச்சு. காசநோய்ச் சீழ் உள்ளேயே இருந்ததால் அது நிலைக்கவில்லை. அன்றைய ஜெர்மன் அறுவை மருத்துவத்தின் தலைவராக இருந்த பெர்க்மன், குளுக்கை மாநாட்டில் பேசவிடாமல் தடுத்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1951இல், ஸ்டாக்ஹோமில் பொர்யே வால்டியஸ் அக்ரிலிக்கில் மறுபடியும் கீல் செய்தார். பின்னால் கோபால்ட்-குரோமியத்துக்கு மாறினார். கீல் ஒரே அச்சில் மட்டும் மடங்கும். கால் திருக நினைக்கும், கீல் மறுக்கும். அந்தத் திருகு விசை முழுவதும் எலும்புக்குள் இறக்கிய தண்டில் போய் விழும். தண்டு ஆடத் தொடங்கும். பிறகு வலி.

கீலைக் கைவிடலாம் என்று காட்டியவர் கனடாவின் வின்னிபெக்கைச் சேர்ந்த ஃபிராங்க் கன்ஸ்டன். பொறியியல் படித்துவிட்டு மருத்துவத்துக்கு வந்தவர். ரைட்டிங்டனில் சார்ன்லியிடம் பயிற்சிக்கு வந்த இடத்தில், 1968இல், புதிய முழங்கால் ஒன்றை உருவாக்கினார். தொடை எலும்பின் இரு குமிழ்களிலும் அரைவட்ட உலோகச் சறுக்குகள். கீழே இரண்டு பிளாஸ்டிக் தண்டவாளங்கள். இரண்டையும் இணைக்க எதுவும் கிடையாது. நோயாளியின் சொந்தத் தசைநார்களே பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். எலும்போடு ஒட்ட, சார்ன்லி இடுப்புக்குப் பயன்படுத்திய அக்ரிலிக் சிமென்ட். பல் மருத்துவர்கள் செயற்கைப் பல்செட் செய்த அதே பொருள். கன்ஸ்டனின் தண்டவாளங்கள் மிகவும் குறுகல் என்பதால் மென்மையான எலும்புக்குள் புதைந்தன. அந்த வடிவம் நீடிக்கவில்லை. ஆனால் இரண்டு பாகமும் தனித்தனியாக இருக்கலாம், நடுவில் பிளாஸ்டிக் போதும் என்ற யோசனை நின்றுவிட்டது.

அடுத்த அத்தியாயம் நியூயார்க்கில், சிறப்பு அறுவை சிகிச்சை மருத்துவமனை என்றே பெயர் கொண்ட இடத்தில். மூன்று பேர். ஜான் இன்சால் இங்கிலாந்திலிருந்து வந்த மருத்துவர். பீட்டர் வாக்கர் அதே நாட்டுப் பொறியாளர். சித்தரஞ்சன் ரணாவத் மத்தியப் பிரதேசத்தில் பிறந்து இந்தூரில் மருத்துவம் படித்தவர். மூவரும் சேர்ந்து செய்த ‘டோட்டல் கான்டைலர்’ மூட்டு 1974இல் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. தொடை எலும்பின் முனை முழுவதையும் ஒரே உலோகக் கவசமாக மூடினார்கள். கீழே லேசாகக் குழிந்த ஒரே பிளாஸ்டிக் தட்டு. முழங்கால் சில்லின் பின்புறத்துக்கும் ஒரு பிளாஸ்டிக் பொத்தான். சிலுவை நார்கள் இரண்டையும் வெட்டி எடுத்துவிட்டார்கள். இது அப்போது பலருக்குப் பாவமாகப் பட்டது; இயற்கை கொடுத்த நாரை வெட்டிவிட்டு மூட்டு எப்படி நிற்கும்? பிளாஸ்டிக்கின் குழிவு அந்த நாரின் வேலையைச் செய்தது. இன்று உலகத்தில் பொருத்தப்படும் முழங்கால்களில் பெரும்பாலானவை இந்த மூட்டின் பேரப்பிள்ளைகள்.

அதற்கும் ஒரு குறை இருந்தது. தொண்ணூறு டிகிரியைத் தாண்டி மடங்கத் திணறியது. 1978இல் இன்சாலும் பொறியாளர் ஆல்பர்ட் பர்ஸ்டீனும் பிளாஸ்டிக் தட்டின் நடுவில் ஒரு முளையை எழுப்பி, மேல் உலோகத்தில் அதற்கொரு குறுக்குத்தடியை வைத்தார்கள். கால் மடங்கும்போது தடி முளையில் முட்டி, தொடை எலும்பைப் பின்னுக்குத் தள்ளும். பின்னால் இடம் கிடைத்து இன்னும் மடங்கும். வெட்டிய நாரின் வேலையை இப்போது ஒரு பிளாஸ்டிக் முளை பார்த்தது.

வடிவம் பாதி, பொருத்துவது மீதி. லண்டனில் மைக்கேல் ஃப்ரீமன் என்ற மருத்துவரும் நியூயார்க்கில் இன்சாலும் அழுத்திச் சொன்ன விஷயம் எளிமையானது: காலை நீட்டும்போது இரண்டு எலும்புகளுக்கும் இடையே கிடைக்கும் இடைவெளியும், மடக்கும்போது கிடைக்கும் இடைவெளியும் சமமாக இருக்க வேண்டும், இரண்டிலும் பக்கத்து நார்கள் ஒரே இழுப்பில் இருக்க வேண்டும். அறுவைக் கூடத்தில் பார்த்தால் இது மருத்துவத்தைவிட ஆசாரி வேலைக்கே நெருக்கமாகத் தோன்றும். எலும்பில் அளவுக் கட்டைகளை ஊசியால் பதித்து, அதன் பிளவில் ரம்பத்தை விட்டு அறுப்பார்கள். தொடை எலும்பின் முனையில் சுமார் 9 மில்லிமீட்டர், கீழ்க்கால் எலும்பில் அதையொட்டிய அளவு. பிறகு ஒத்திகை வட்டுகள் வரும். 10, 11, 12 மில்லிமீட்டர் என்று கனம் ஏறிக்கொண்டே போகும் மாதிரிகள். ஒன்றை வைத்து, காலை நீட்டி, மடக்கி, பக்கவாட்டில் அசைத்துப் பார்ப்பார் மருத்துவர். தளர்வாக இருந்தால் அடுத்த கனம். இறுக்கமாக இருந்தால் நாரைச் சற்றுத் தளர்த்த வேண்டும், இல்லையென்றால் எலும்பை இன்னும் கொஞ்சம் அறுக்க வேண்டும். கடைசியில்தான் சிமென்ட் குழைப்பார்கள். அது சூடேறி இறுகச் சுமார் கால் மணி நேரம். இறுகிய பிறகு உண்மையான பிளாஸ்டிக் வட்டின் பெட்டியைப் பிரித்து, உலோகத் தட்டில் அழுத்துவார்கள்; அது ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும்.

எதை நேர் என்று சொல்வது என்பதில் இன்றும் சண்டை ஓயவில்லை. இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றின் மையமும் ஒரே கோட்டில் வர வேண்டும் என்பது பழைய விதி. சுமை பிளாஸ்டிக்கின் இரு பக்கமும் சமமாக விழட்டும் என்பதே அதன் நோக்கம். அதாவது இந்த விதியே பிளாஸ்டிக்குக்குப் பயந்து உருவானது. ஆனால் 2012இல் பெல்ஜியத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை அளந்து பார்த்தபோது, ஆண்களில் 32 சதவீதத்தினருக்கும் பெண்களில் 17 சதவீதத்தினருக்கும் கால் இயல்பிலேயே மூன்று டிகிரியோ அதற்கு மேலோ வில்லைப்போல் வளைந்திருந்தது. அவர்களை நேராக்குவது சரியா? வாழ்நாள் முழுதும் வளைந்தே நடந்த காலைச் சட்டென்று நிமிர்த்தினால் நார்களுக்கு அது புது ஊர். இப்போது ரோபோ கையால் அரை மில்லிமீட்டர் துல்லியத்தில் அறுக்க முடிகிறது. எதைக் குறிவைத்து அறுப்பது என்பதை ரோபோ சொல்லாது. விளம்பரங்கள் இந்த இடத்தை மெல்லத் தாண்டிப் போய்விடுகின்றன.

பிளாஸ்டிக்கின் பெரிய வீழ்ச்சிக்கு வருகிறேன். டோட்டல் கான்டைலர் மூட்டுகள் நன்றாக நடந்துகொண்டிருந்த காலத்தில், அதே நியூயார்க் மருத்துவமனையில் ஒரு வழக்கம் தொடங்கியது. நோயாளியின் உடம்பிலிருந்து எந்தக் காரணத்துக்காகவாவது கழற்றி எடுக்கப்படும் மூட்டுகளைத் தூக்கிப் போடாமல் சேர்த்துவைத்தார்கள். 1983இல் வெளியான ஆய்வில், திரும்பி வந்த 48 பிளாஸ்டிக் தட்டுகளை ஒவ்வொன்றும் பத்துப் பகுதிகளாகப் பிரித்து, குழி, கீறல், மெருகேறல், உரிதல் என ஏழு வகைச் சேதங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். நோயாளியின் எடையும் அது உள்ளே இருந்த காலமும் கூடக் கூடச் சேதமும் கூடியிருந்தது. மிக எளிய வேலை. முழங்கால் ஆராய்ச்சியில் இதைவிட அதிகம் கற்றுக்கொடுத்த வேலை இன்னொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த தட்டுகளில் சில, மதிப்பெண் போடுகிறவர்களையே திடுக்கிட வைத்தன. மேற்பரப்பு ஏடு ஏடாக உரிந்திருந்தது. சில பொருத்தப்பட்டுச் சில ஆண்டுகளிலேயே ஓட்டையாகி, உலோகமும் உலோகமும் உரசியிருந்தன. நோயாளியின் எடையையும் வட்டின் மெல்லிய கனத்தையும் காரணம் காட்டினார்கள். மெல்லிய பிளாஸ்டிக்கில் அழுத்தம் தாறுமாறாக ஏறுவதைக் கணக்கிட்டு, குறைந்தது 8 மில்லிமீட்டர் கனமாவது வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். கார்பன் இழை கலந்து வலுவாக்கிய பிளாஸ்டிக் ஒன்றும் சந்தைக்கு வந்தது. காகிதத்தில் வலு, உடம்பில் சாதாரணத்தைவிட மோசம்.

உண்மையான குற்றவாளி அலமாரியில் இருந்தது. அறுவை சிகிச்சைக்குப் போகும் பிளாஸ்டிக்கைக் கிருமியில்லாமல் ஆக்க, காற்றோடு சேர்த்துப் பொட்டலம் கட்டி, காமா கதிரில் காட்டுவது அப்போதைய நடைமுறை. கதிர், பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளை அங்கங்கே அறுத்துவிடுகிறது. அறுந்த முனைகள் சும்மா இருக்காது. பொட்டலத்துக்குள் இருக்கும் ஆக்சிஜனோடு மெல்ல மெல்லச் சேரும். சேரச் சேரச் சங்கிலிகள் இன்னும் சிதறும். மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, குறுக்காக வெட்டிப் பார்த்தால் மட்டும் தெரியும்படி, நொறுங்கும் தன்மையுள்ள ஒரு வெள்ளைப் பட்டை உருவாகும். மூட்டு உடம்புக்குள் போகும் முன்பே, கிடங்கில் இருந்தபடியே, வயதாகிவிட்டது. பல ஆண்டுகள் அலமாரியில் தூங்கிய வட்டுகள் சீக்கிரம் உரிந்தன. சோதனை இயந்திரத்தில் ஏற்றப்பட்டவை புதிதாகக் கடைந்த துண்டுகள்; கதிர் பட்டு ஐந்து ஆண்டு காத்திருந்த துண்டை யார் ஓட்டிப் பார்த்தார்கள்? தொண்ணூறுகளின் இறுதிக்குள் நிறுவனங்கள் ஆக்சிஜன் இல்லாத பொட்டலங்களுக்கும் கதிரில்லாத கிருமிநீக்கத்துக்கும் மாறிவிட்டன.

தேய்ந்து உதிரும் தூளிலும் ஆபத்து இருந்தது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்களை உடம்பின் காவல் செல்கள் விழுங்கப் பார்க்கும், செரிக்க முடியாது. எரிச்சலில் அவை வெளியிடும் வேதிப்பொருள்கள் பக்கத்து எலும்பையே கரைத்துவிடும். நோயாளிக்கு ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரேயில் எலும்பில் ஓட்டைகள் தெரியும்.

இதற்கு மருந்தாக வந்ததும் அதே கதிர்தான். பாஸ்டனில் வில்லியம் ஹாரிஸ், ஓர்ஹுன் முரடோக்லு குழுவினர் கதிரின் அளவை வேண்டுமென்றே கூட்டினார்கள். அதிக அளவில் கதிர் சங்கிலிகளை அறுப்பதோடு பக்கத்துச் சங்கிலிகளைக் குறுக்காகப் பிணைக்கவும் செய்யும். அதன் பிறகு உருக்கிச் சூடாக்கினால் அறுந்த முனைகள் அடங்கிவிடும். தொண்ணூறுகளின் இறுதியில் இந்தப் பிணைத்த பிளாஸ்டிக் இடுப்பு மூட்டுகளுக்கு வந்து தேய்மானத்தை வெகுவாகக் குறைத்தது. முழங்காலுக்குக் கொண்டுவரத் தயங்கினார்கள். பிணைத்தால் தேயாது, ஆனால் முறியும் தன்மை கூடும். முழங்கால் வட்டிலோ நடுவில் முளை, ஓரத்தில் பூட்டு என முறிய வாய்ப்புள்ள இடங்கள் அதிகம். உருக்காமல் முனைகளை அடக்க ஒரு வழி வைட்டமின் ஈ. சூரியகாந்தி எண்ணெயில் இருக்கும் அதே வைட்டமினைப் பிளாஸ்டிக்குக்குள் ஊறவைத்தால் அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். இவை முழங்காலில் எவ்வளவு லாபம் என்பதில் பல நாட்டு மூட்டுப் பதிவேடுகள் ஒரே குரலில் பேசவில்லை. சில நல்ல வித்தியாசம் காட்டுகின்றன, சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. பழைய பிளாஸ்டிக்கும் நன்றாகச் செய்து, நன்றாகப் பொட்டலம் கட்டினால் நெடுநாள் உழைக்கிறது. 2019இல் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வு, முழு முழங்கால் மாற்றுகளில் சுமார் 82 சதவீதம் 25 ஆண்டுகள் தாங்குவதாகக் கணித்தது.

இந்தியாவில் இந்த மூட்டு வீட்டுப் பேச்சானது பிரதமர் வாஜ்பாயின் முழங்கால்களால் என்று நினைக்கிறேன். 2000 அக்டோபரில் இடது, 2001 ஜூனில் வலது. மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் செய்தவர் நியூயார்க்கிலிருந்து வந்த அதே ரணாவத். அவருடைய பெயர் இன்னொரு இடத்திலும் இருக்கிறது, அதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2000இல் அவரும் மும்பை மருத்துவர்களும் இந்தியர்களின் முழங்கால்களை அளந்து வெளியிட்ட ஆய்வு. மேற்கத்திய உடம்புகளுக்குச் செய்த மூட்டுகளின் ஆகச் சிறிய அளவுகூட இங்கே ஏராளமான பெண்களின் எலும்புக்குப் பெரிது என்று அது காட்டியது. பெரிய உலோகத்தை மாட்டினால் ஓரம் துருத்தி நாரை உரசும். முன்பின் அளவு கூடினால் மடக்கும் இடைவெளி இறுகி, கால் மடங்காது. இன்று பல நிறுவனங்கள் குறுகிய அளவுகளைச் சேர்த்துவிட்டன.

விலையும் அளவைப் போலவே பொருந்தாமல்தான் இருந்தது. 2017 ஆகஸ்டில் மத்திய அரசின் மருந்து விலை ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விலை போடப்பட்டிருந்த கோபால்ட்-குரோமிய மூட்டுக்கு 54,720 ரூபாய், வரி தனி.

கைவிட்ட கீலுக்கும் ஒரு மறுவாழ்வு சென்னையில் கிடைத்தது. முழங்காலை ஒட்டிய எலும்புப் புற்றுநோய் என்றால் தொடையோடு காலை எடுப்பதே வழி என்றிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியின் எலும்பு மருத்துவப் பேராசிரியர் மயில்வாகனன் நடராஜன், எண்பதுகளின் பிற்பகுதியிலிருந்து, ஒவ்வொரு நோயாளியின் எக்ஸ்ரேயை அளந்து, எலும்பின் நீளமும் மூட்டும் சேர்ந்த செயற்கை உறுப்பை உள்ளூரிலேயே செய்யவைத்துப் பொருத்தினார். கட்டியோடு எலும்பும் நாரும் போய்விட்ட இடத்தில் கன்ஸ்டனின் யோசனை செல்லாது. பிடித்துக்கொள்ள நார் இல்லை. அங்கே கீல்தான் வேண்டும். இறக்குமதி விலையில் ஒரு பங்குக்குக் கிடைத்ததால் காலை இழக்க வேண்டிய பல இளைஞர்கள் காலோடு வீட்டுக்குப் போனார்கள். 2007இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

ஒரு மூட்டு உண்மையில் என்ன சுமக்கிறது என்று நேரடியாகக் கேட்கும் வசதி சமீபத்தில்தான் வந்தது. உணர்விகளும் ஆன்டெனாவும் பொதித்த மூட்டுகளைச் சில நோயாளிகளுக்குப் பொருத்தி, அவர்கள் நடக்கும்போது வரும் விசையைக் கம்பியில்லாமல் வாங்கிப் பதிவுசெய்கிறார்கள். பெர்லின் ஷரிட்டே மருத்துவமனையின் அளவீடுகளில், சமதளத்தில் நடக்கும்போது முழங்காலில் விழும் உச்சச் சுமை உடல் எடையைப்போல் சுமார் 2.6 மடங்கு. படி ஏறும்போது 3.2 மடங்கு. இறங்கும்போது 3.5 மடங்கு. ஏறுவதைவிட இறங்குவதுதான் வலிக்கிறது என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு இப்போது எண் கிடைத்திருக்கிறது.

புதிய வட்டு எதுவும் சந்தைக்கு வரும்முன் பாவனை இயந்திரத்தில் ஓட வேண்டும். ஐ.எஸ்.ஓ. 14243 என்ற சர்வதேசத் தரம் அதை வரையறுக்கிறது. மாட்டுக் கன்றின் சீரத்தில் மூழ்கவைத்து, நொடிக்கு ஏறக்குறைய ஒரு எட்டு வீதம், பல பத்து லட்சம் எட்டுகள் நடக்கவிட்டு, எவ்வளவு எடை குறைந்தது என்று நிறுத்துப் பார்ப்பார்கள். பத்து லட்சம் எட்டு என்பது ஒருவரின் ஓராண்டு நடை என்பது தோராயக் கணக்கு. கிரேவனின் பட்டறை இயந்திரத்துக்கு இது வாரிசு. ஆனால் இந்த இயந்திரம் நடப்பது சமதளத்தில். அதன் முழங்கால் அதிகபட்சம் மடங்குவது சுமார் 58 டிகிரி.

சம்மணமிட, குத்துக்காலிட, தரையிலிருந்து எழ, நம் பழைய கழிப்பறையைப் பயன்படுத்த 130 டிகிரிக்கும் மேல் மடங்க வேண்டும். அந்தக் கோணத்தில் தொடை உலோகம் வட்டின் பின்விளிம்பில் மட்டும் ஏறி நிற்கும். முளையின் மேலும் அதிக விசை விழும். கீழ்க்கால் உள்பக்கம் திருகியும் இருக்கும். மண்டியிட்டு அமரும் ஜப்பானியர்களும் தரையில் தொழும் அரபு நாட்டவர்களும் இதே கோரிக்கையோடு நிற்கிறார்கள். அதிகம் மடங்கும் ரகம் என்று விற்கப்பட்ட மூட்டுகள் சாதாரண ரகத்தைவிட நடைமுறையில் பெரிதாக மடங்கவில்லை என்று பல ஒப்பீட்டு ஆய்வுகள் சொல்லிவிட்டன. ஆழ்ந்து மடங்கிய நிலையில் வட்டின் பின்விளிம்பை மட்டும் அழுத்திச் சோதிக்க அமெரிக்காவில் ஒரு தனி விதிமுறை இருக்கிறது. நடையோடு படியையும் குந்துதலையும் கலந்து ஓட்டும் சோதனைகளைச் சில ஆய்வுக்கூடங்கள் செய்துவருகின்றன. அந்தச் சோதனைகள் பொதுவிதியாகும்வரை, தையல் பிரித்து வீட்டுக்கு அனுப்பும்போது நம் மருத்துவர்கள் சொல்லும் அறிவுரை மாறப்போவதில்லை: கீழே உட்காராதீர்கள், வெஸ்டர்ன் டாய்லெட் வைத்துக்கொள்ளுங்கள்.